விரிச்சி: காத்து நின்று கேட்ட நற்சொல்

செல்லூரிலிருந்து: ஐயா, சங்கப் பாட்டில் வரும் ‘விரிச்சி’ என்பது சகுனம்தானே?

சகுனம்தான், ஆனால் தானாக எதிரே வருவதில்லை. தேடிப் போய்க் கேட்பது. முல்லைப்பாட்டில் தலைவன் போருக்குப் போயிருக்கிறான். மழைக்கால மாலையில் முதிய பெண்கள் ஊர்ப்பக்கம் போய், நெல்லும் முல்லைப் பூவும் தூவிக் கும்பிட்டு நிற்கிறார்கள். அங்கே ஓர் ஆயர்மகள், குளிரில் தோளைக் கட்டிக்கொண்டு, தாயைக் காணாமல் தவிக்கும் கன்றிடம் ‘இன்னே வருகுவர் தாயர்’ என்கிறாள். அவள் சொன்னது பசுக்களை. இவர்கள் எடுத்துக்கொண்டது தலைவனை. தான் குறி சொன்னது அந்தப் பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. தெரிந்து சொன்னால் அது விரிச்சி ஆகாது. பத்துப்பாட்டில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் இது.

மேலூரிலிருந்து: பெண்கள் மட்டும்தான் கேட்டார்களா?

இல்லை. ஆநிரை, அதாவது பகைவரின் பசுக்கூட்டம், கவரப் போகும் மறவரும் கேட்டார்கள். தொல்காப்பியம் அந்த ஆநிரை கவர்தலைச் சொல்லும் வெட்சித் திணையில் ‘பாக்கத்து விரிச்சி’ என்கிறது.

உசிலம்பட்டியிலிருந்து: சகுனம் தமிழ்ச் சொல்லா?

வடசொல். அங்கே அதற்குப் பறவை என்று பொருள். தமிழில் ‘புள்’ளும் அப்படியே: பறவையும் அதுதான், நிமித்தமும் அதுதான்.

திருமங்கலத்திலிருந்து: இதையெல்லாம் நம்பாதவர்கள் அன்று இல்லையா?

குறுந்தொகை 218இல் ஒரு தலைவி ‘புள்ளும் ஓராம், விரிச்சியும் நில்லாம்’ என்கிறாள்: புள் நிமித்தமும் பார்க்க மாட்டோம், விரிச்சி கேட்கவும் போய் நிற்க மாட்டோம். அதை நம்பிக்கையின்மை என்று படிக்கக் கூடாது. நம்மை மறந்து அங்கேயே இருக்க முடிகிறவருக்காக நாம் ஏன் போய் நிற்க வேண்டும் என்ற மனவலி அது.

செல்லூர்க்காரரே மறுபடி: இப்போது இந்தச் சொல் இருக்கிறதா?

சொல் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. கல்யாணப் பேச்சு நடக்கையில் கோயில் மணி கேட்டால் ‘மணியடிச்சிருச்சு’ என்று முகம் மலர்கிறோமே, அதே காதுதான்.

ஒத்தக்கடையிலிருந்து: மதுரையில் நடந்த சகுனம் ஏதாவது?

சிலம்பு விற்கக் கோவலன், ஆயர்குலத்து மாதரி கொடுத்த வீட்டிலிருந்து கிளம்புகிறான். எதிரே ஒரு காளை பாய வருகிறது. அது தீநிமித்தம் என்று அவனுக்குத் தெரியாது; அவனுடைய வணிகர் குலம் அதை அறியாது என்கிறார் சிலப்பதிகாரத்தில் இளங்கோ. ஆயர் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் தடுத்திருப்பார்களே என்று படிக்கும்போதெல்லாம் மனம் அடித்துக்கொள்கிறது.