ஆண்டவர் உருவாக்குகிறார் என்கிறார்கள், எத்தனை வருடம்தான் பிடிக்கும்?

சிங்கப்பூர் வந்து நாலு வருடம், அதே ஒர்க் பெர்மிட், அதே கம்பெனி. சபையில் யாரிடம் சொன்னாலும் "ஆண்டவர் உங்களை உருவாக்குகிறார் பிரதர், இப்போது சூளையில் இருக்கிறீர்கள்" என்கிறார்கள், இது எப்போது முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்படிச் சொல்கிறவர்கள் களிமண்ணைத் தொட்டிருக்க மாட்டார்கள். சூளை எதையும் உருவாக்காது. உருவம் அதற்கு முன்பே முடிந்துவிடும். நெருப்பு அதைக் கெட்டியாக்கும், அவ்வளவுதான். கோணலாய் உள்ளே போனது கோணலாகவே வெளியே வரும். ஜாலான் பஹார் பக்கம் லோரோங் தாவாஸில் 1940-ல் கட்டிய தாவ் குவாங் டிராகன் சூளை இருக்கிறது. 27 மீட்டர் நீளம், விறகில் எரிவது. லீவு நாளில் போய்ப் பாருங்கள்.

முதல் வேலை பிசைவது. காற்றும் கட்டியும் உள்ளே தங்கினால் சக்கரத்தில் சுவர் ஒரு பக்கம் தடித்து ஆடும். அடுத்தது மண்ணைச் சக்கரத்தின் நடுவுக்குக் கொண்டுவருவது. அது பிடிபடாமல் மேலே இழுத்தால் வாய் கோணும், சில நேரம் மொத்தமும் சரியும். சரிந்த மண்ணை உடனே திரும்ப வனைய முடியாது. தண்ணீர் குடித்துத் தளர்ந்திருக்கும். பலகையில் போட்டு ஈரம் இறங்கவிட்டு, மறுபடி பிசைந்தால்தான் சக்கரத்தில் நிற்கும்.

வனைவதற்குச் சில நிமிடம் போதும். காய்வதற்குத்தான் நாட்கணக்கு. நம்மூர்ப் புழுக்கத்தில் கனத்த பானைக்கு இரண்டு வாரம்கூட ஆகும். அவசரப்பட்டு விசிறிக்கு முன் வைத்தால் ஒரு பக்கம் மட்டும் சுருங்கி வளையும். கோப்பையின் கைப்பிடி மெல்லியது, உடலைவிட முந்திக் காய்ந்து ஒட்டிய இடத்தில் விரிசல் விடும்; அதனால் பிளாஸ்டிக்கால் மூடி, வேண்டுமென்றே தாமதப்படுத்துவார்கள். ஈரம் மிச்சமிருக்க நெருப்பில் வைத்தால் 100 டிகிரியில் நீராவி கிளம்பிப் பானை வெடிக்கும். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென்று பருமன் மாறும். சூடு ஏறும்போதும் இறங்கும்போதும் அங்கே நிதானம் வேண்டும்.

எரேமியா 18-ல் குயவன் கையில் கெட்டது ஈர மண், அதனால் வேறே பாண்டமாக முடிந்தது. அடுத்த அதிகாரத்தில் உடைக்கப்படும் கலசம் சுட்டது, அதைத் திரும்பச் செப்பனிட முடியாது. இரண்டுமே யூதா நாட்டைப் பற்றியவை, தனி ஆளின் வேலையைப் பற்றியவை அல்ல என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாத்திரங்களைப் பற்றியே பேசும் 2 தீமோத்தேயு 2:21 "ஒருவன்" என்று தனி ஆளைத்தான் சொல்கிறது, அதைப் படித்துவிட்டு வாருங்கள்.

உங்கள் நாலு வருடம் சூளை அல்ல, வனைந்த பானை காயும் காலம் என்றுதான் எனக்குப் படுகிறது. எப்போது முடியும் என்று என்னால் மட்டுமல்ல, எந்தப் பாஸ்டராலும் சொல்ல முடியாது. யோசேப்பு விற்கப்பட்ட கதை தொடங்கும்போது அவனுக்கு 17 வயது, பார்வோன் முன் நின்றபோது 30. இடையில் சும்மா இல்லை: போத்திபார் வீட்டு நிர்வாகம், பிறகு சிறைச்சாலைப் பொறுப்பு. கடைசியில் கிடைத்ததும் அதே வேலைதான், எகிப்து அளவுக்கு: ஏழு வருட விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைப்பது. ஆக, இப்போது எந்தப் பொறுப்பை உங்களை நம்பித் தருகிறார்கள் என்று கவனியுங்கள். ஸ்டோர் சாவியா, புதுப் பையன்களுக்கு வேலை சொல்லித்தருவதா?

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைக் கேட்டால் எரிச்சல் வருகிறது. முதலாளி சம்பளத்தை இழுத்தடிப்பதைக்கூட "ஆண்டவர் பொறுமை கற்றுத்தருகிறார்" என்று மூடிவைக்கிறார்கள். முதலாளி குயவன் அல்ல. சம்பளப் புகாருக்கு டாடம் (TADM) என்ற வேலைத் தகராறு தீர்க்கும் அமைப்பு இருக்கிறது. வேலையில் இருந்துகொண்டே போடுவதானால் சம்பளம் தவறியதிலிருந்து 1 வருடத்துக்குள், வேலையை விட்டிருந்தால் கடைசி வேலை நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். ஜெபம் பண்ணிவிட்டே போடுங்கள்.