அப்பா நினைவாக விகாரைக்கு 50,000 ரூபாய்: எப்படிக் கொடுப்பது?

கேள்வி: எங்கள் ஊர் புத்த விகாரைக்கு அப்பா நினைவாக 50,000 ரூபாய் கொடுக்க நினைக்கிறோம். கட்டடத்துக்கா, பிள்ளைகள் படிப்புக்கா, புத்தகம் அச்சடித்து இலவசமாகக் கொடுக்கவா என்று வீட்டில் ஒரே குழப்பம். கனடாவில் இருக்கும் தம்பியும் பங்கு போடுகிறேன் என்கிறான். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில், பணத்தைப் பிக்குவின் கையில் கொடுக்காதீர்கள். தேரவாத மரபின் விநயப்படி, அதாவது பிக்குகளுக்கான ஒழுக்க விதிகளின்படி, பொன்னும் வெள்ளியும் அவர் வாங்கக் கூடாதவை. விகாரையை நடத்தும் அறக்கட்டளையின் வங்கிக் கணக்கில் செலுத்தி ரசீது வாங்குங்கள். பிக்குவுக்கென்றே ஏதாவது செய்ய மனமிருந்தால், உச்சிக்கு முன் ஒரு வேளை உணவு கொடுங்கள்.

தம்பியிடம் எந்த நாட்டு பாஸ்போர்ட் இருக்கிறது? இந்தியக் குடியுரிமை இருந்தால், சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அவர் தாராளமாக அனுப்பலாம். கனடியக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படுவது) இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும். பணமும் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் அறக்கட்டளைக்கு உள்ள எஃப்சிஆர்ஏ கணக்குக்குத்தான் வர வேண்டும். உங்கள் கணக்கு வழியாகச் சுற்றி அனுப்பாதீர்கள், சிக்கல் விகாரை தலையில் விடியும்.

வரிச்சலுகையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். மதச் செலவு வருமானத்தில் 5 சதவீதத்தைத் தாண்டும் அறக்கட்டளைக்கு, நன்கொடையாளருக்கு வரிக்கழிவு தரும் அங்கீகாரம் (80ஜி எனப்படுவது) கிடைக்காது. கல்விக்கென்று தனி அறக்கட்டளை இருந்தால் கிடைக்கலாம். அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை.

என்னைக் கேட்டால், புத்தகம்தான். ‘எல்லாத் தானத்தையும் தம்ம தானம் (புத்தரின் போதனையைப் பகிர்வது) வெல்லும்’ என்கிறது தம்மபதம் (354). தைபேயில் உள்ள புத்தர் கல்வி அறக்கட்டளை 1985 முதல் பல மொழிகளில் அச்சடித்து இலவசமாகவே அனுப்பிவருகிறது. ஆனால் எந்த மொழியில், யாருக்கு என்று யோசித்துச் செய்யுங்கள். ஒரு விகாரையில் கயிறு அவிழ்க்காத ஆங்கிலப் புத்தகக் கட்டுகளைப் பார்த்திருக்கிறேன். கீழ்க்கட்டு கரையான் அரித்துக் கிடந்தது. தமிழ் பௌத்த முன்னோடி அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியபோது விலையையே பெயரில் வைத்தார். ஏழை வாங்கிப் படிக்க வேண்டும் என்ற அக்கறை அதில் இருந்தது.

அதனால் தமிழில், சின்னதாகப் போடுங்கள். ஒரு ஃபாரம் (ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பகுதி) 16 பக்கம். 32 அல்லது 48 பக்கத்தில் முடித்தால் காகிதம் வீணாகாது, நடுவில் ஸ்டேப்லர் பின் அடித்தாலே போதும். பெரியவர்கள் படிக்க எழுத்து 14 புள்ளியில் இருக்கட்டும். 1914-இல் காலமான பண்டிதரின் எழுத்துகளுக்குப் பதிப்புரிமைத் தடை இல்லை. அம்பேத்கரின் ‘புத்தரும் அவர் தம்மமும்’ மூலத்துக்கும் உரிமைக் காலம் முடிந்துவிட்டது, ஆனால் தமிழ் மொழிபெயர்ப்பின் உரிமை தனி. அதிலிருந்து எடுத்தால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

முதலில் 500 பிரதி போதும். உள்அட்டையில் அப்பா பெயரும் ‘விற்பனைக்கு அல்ல’ என்ற வரியும் இருக்கட்டும். வைகாசி பௌர்ணமிக்கு வருகிறவர்கள் கையிலேயே கொடுங்கள். அச்சுக்குப் போகுமுன், மெய்ப்பை (திருத்தம் பார்க்க எடுக்கும் அச்சுப்படி) உங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளையிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். அந்தப் பிள்ளை திணறும் இடத்தையெல்லாம் மாற்றி எழுதுங்கள்.