ஆடும் விண்ட்சர் நாற்காலி: பசைக்கு முன் ஈரத்தைக் கவனியுங்கள்

ஐப்பசி மழையில் குன்னூரில் நீங்கள் செய்த விண்ட்சர் நாற்காலியின் (மர இருக்கையின் துளைகளில் கால்களும் முதுகுக் கம்புகளும் செருகப்பட்ட நாற்காலி) கால்களை இணைக்கும் குறுக்குக் கம்புகள் தை மாதத்தில் ஆடுவதற்கு, பழைய பசையின் மேல் புதுப்பசை ஊற்றுவது தீர்வாகாது. கம்பைக் கழற்றி, முளையையும் (கம்பின் செருகும் முனை) அது நுழையும் காலின் துளையையும் மரம் தெரியும்வரை சுரண்டி, முளையை நன்கு உலர்த்திய பிறகே மீண்டும் ஒட்ட வேண்டும்.

மழைக்காற்றின் ஈரத்தைக் குடித்துப் பருத்திருந்த முளையைத் துளைக்குள் இறுக்கமாக அடித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மரம் நெடுக்கில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை, குறுக்கில்தான் சுருங்கும். ஆகவே பனிக்கால வறட்சியில் முளை மெலிந்து பிடிப்பை இழந்திருக்கும். பொருத்தும்போது நாற்காலியின் காலை விடக் கம்பு உலர்ந்திருந்தால், பிறகு அது சிறிது பருத்துத் தானே இறுகிக்கொள்ளும். மலைப்பகுதியில் நாற்காலி செய்வோர் முதலில் பழக வேண்டியது இதுதான்.

உலர்ந்ததா என்பதை அறிய, கம்பை வெயில் படும் சன்னலருகே வைத்துச் சமையலறைத் தராசில் தினமும் நிறுத்துப் பாருங்கள். தொடர்ந்து 3 நாட்கள் எடை குறையாவிட்டால் பொருத்தலாம். அவசரப்பட்டு அடுப்பருகே வைத்தால் முனை வெடிக்கக்கூடும்.

உலர்ந்த முளை துளையில் தளர்வாக ஆடினால் வெள்ளைப் பசை அந்த இடைவெளியை நிரப்பாது. புதுக் கம்பு கடைவதே நல்லது.