விடிந்த பிறகு தூங்கும் மகன்

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. பத்தாம் வகுப்பில் தேர்வு எழுதாமலே தேர்ச்சி பெற்று, இப்போது பதினொன்றாம் வகுப்பு. ஊரடங்கு வந்ததிலிருந்து செல்போனே கதி. அதிகாலை 4 மணி வரை விழித்திருந்து, மதியம் 12 மணிக்கு எழுகிறான். குளிப்பதில்லை. ஏதாவது கேட்டால் எரிந்து விழுகிறான். ஆன்லைன் வகுப்பைப் போட்டுவிட்டுப் போர்வைக்குள் புகுந்துகொள்கிறான். மே மாதம் என் மாமனார் கொரோனாவில் இறந்தபோதுகூட அவன் அழவில்லை. இருவரும் ஒரே அறையில்தான் படுப்பார்கள். போனைப் பிடுங்கி வைத்தால் சரியாகிவிடுவானா, டாக்டர்?
- ஒரு தாய், கரூர் (2021)

பதில்: பிடுங்காதீர்கள் அம்மா. 2020 மார்ச்சில் பள்ளியை மூடினார்கள். 2021 ஜனவரி 19 அன்று திறந்து, மார்ச்சில் மறுபடியும் மூடினார்கள். பள்ளி மைதானமும் டீக்கடை பெஞ்சும் தெருமுனையும் அவனுக்கு இன்று அந்தப் போனுக்குள்தான் இருக்கின்றன. கேமராவை அணைத்தால் திரையில் முகத்துக்குப் பதில் பெயரின் முதல் எழுத்துதான் தெரியும். ஆன்லைன் வகுப்பைப் பற்றி ஒரு மாணவி என்னிடம் சொன்னாள்: "வகுப்பில் நான் ஒரு வட்டம் சார், அதற்குள் ஒரு எழுத்து."

கடிதத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் தாத்தா விஷயத்தில்தான் என் கண் நின்றது. கொரோனாவின் இந்த இரண்டாம் அலையில் பல வீடுகளில் இறந்தவரின் முகத்தைக் கூடப் பார்க்க முடியவில்லை. மூட்டையாகக் கட்டிய உடல் நேரே மயானத்துக்குப் போனது. பதினாறாம் நாள் காரியத்துக்கு ஆள் சேரவில்லை. அழுவதற்கு இடமே இல்லாத சாவு அது. பக்கத்துக் கட்டில் காலியாகக் கிடக்கும் அறையில் இரவு 11 மணிக்கு விளக்கை அணைத்துப் படு என்றால் பையன் எப்படிப் படுப்பான்? சில நாள் அவன் அப்பாவை அந்த அறையில் படுக்கச் சொல்லுங்கள். தாத்தாவைப் பற்றி நீங்களே பேச்செடுங்கள். விட்டுப்போன சடங்கை அடுத்த திதியிலாவது செய்து, அதில் அவனுக்கும் ஒரு வேலை கொடுங்கள்.

தூக்கத்துக்கு வருகிறேன். பதின்ம வயதில் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் என்ற ஹார்மோன் தாமதமாகத்தான் சுரக்கும். உடலின் கடிகாரத்தைக் காலையில் இழுத்துப் பிடித்திருந்தது பள்ளி மணி. மணி நின்றதும் அந்தக் கடிகாரம் தறிகெட்டுவிட்டது. படுக்கும் நேரத்துக்காகச் சண்டை வேண்டாம். எழும் நேரத்தை மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை அரை மணி வீதம் முன்னே கொண்டுவாருங்கள். எழுந்ததும் மொட்டை மாடி வெயிலில் இருபது நிமிடம் நிற்கட்டும். பகல் தூக்கம் வேண்டாம்.

இது வெறும் சோம்பலா, மனச்சோர்வா? இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக வருவதைவிட எரிச்சலாக வருவதே அதிகம். பிடித்த விளையாட்டில் கூட ஆர்வமில்லாமல், சாப்பாடும் குளியலும் குலைந்து இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது சிகிச்சை தேவைப்படும் நோய். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அந்த எல்லையைத் தாண்டிவிட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது.

ஒன்றை மட்டும் இன்றே செய்யுங்கள். "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" என்று அவனிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. மாமனாரின் மிச்சமான சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் அலமாரியில் இருந்தால் அப்புறப்படுத்துங்கள். பூச்சிமருந்து இருந்தால் அதையும். "ஆமாம்" என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, தனியாக விடாமல் அன்றே அரசுத் தலைமை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நள்ளிரவில் வழி தெரியாவிட்டால் 104-ஐ அழையுங்கள், ஆலோசகர் பேசுவார்.

"இல்லை" என்றாலும் இந்த வாரத்துக்குள் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இதே சோர்வைத் தரும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். மருந்துக்கடையில் சொல்லித் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். டாக்டர் அறையில் முதல் பத்து நிமிடம் அவன் தனியாகப் பேசட்டும். நீங்கள் வெளியே பெஞ்சில் காத்திருங்கள், வந்ததும் "என்ன கேட்டார்?" என்று துருவ வேண்டாம்.