அடுப்பு எரியாத வீடு

அன்புள்ள ஐயா,

யாழ்ப்பாணத்தில், சரசாலையில் பெரியம்மாவின் ஆறு பரப்புக் காணி எனக்கு வந்திருக்கிறது. முழுக்கப் பனையும் வடலியும்தான். அதில் 12 அடிக்கு 16 அடியில் சின்னதாக ஒரு மரவீடு கட்ட ஆசை. வருஷத்தில் மூன்று கிழமை, ஓகஸ்டில், சத்தமில்லாமல் இயற்கையோடு இருந்துவிட்டு வரவேண்டும். கிழக்கும் மேற்கும் முழுக்கக் கண்ணாடி, கூரையில் சோலார், தண்ணீர் தேவைப்படாத உரக் கழிப்பறை, பாதுகாப்புக்குச் சுற்றிவர ஏழடி மதில். லு கொர்பூசியே என்ற கட்டடக் கலைஞர் தனக்காகக் கட்டிய மரக்குடில்தான் என் முன்மாதிரி. பைன் பலகை இறக்குவதா, பனையிலேயே கட்டுவதா என்று சொல்வீர்களா?

எஸ்.
ஸ்காபரோ, கனடா

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது நான் கொட்டிலுக்கு ஓலை மேய ஆள் தேடி அலைந்துகொண்டிருந்தேன். ஓலை இருக்கிறது, மேயத் தெரிந்த ஆள் இல்லை. கடைசியாக அகப்பட்டவருக்கு முழங்கால் வருத்தம். “ஏணியிலை ஏறமாட்டன், கீழை நிண்டு சொல்லித் தாறன்” என்றார். அறுபது தாண்டிய நான் ஏணியில், அவர் கதிரையில். அந்த நேரம் பார்த்து நீங்கள் மரவீடு என்கிறீர்கள்.

சில விஷயங்களை முதலில் தள்ளிவிடுகிறேன். சோலார் போடுங்கள், எல்லாரும் போடுகிறார்கள். கழிப்பறைதான் உங்கள் கடிதத்திலேயே நல்ல யோசனை. நம்முடையது ஓட்டை விழுந்த சுண்ணாம்புக்கல் பூமி, மலக்குழியில் இறங்குவது கிணற்றுக்குப் போய்ச்சேர அதிக நாள் எடுக்காது. கண்ணாடி வேண்டாம். காலையில் கிழக்கு வெயில், பின்னேரம் மேற்கு வெயில், நடுவில் நீங்கள் போறணைக்குள் பாண். தாழ்வாரத்தை மூன்றடி வெளியே இழுத்து, குனிந்து போகிற உயரத்துக்கு இறக்குங்கள். ஆவணியில் சோளகம் அள்ளி வருகிற தூசும் மாரியில் வாடையோடு சாய்ந்து அடிக்கிற மழையும் அப்போதுதான் சுவரில் படாது.

கொர்பூசியேயின் குடிலைப் பற்றி எழுதியிருந்தீர்கள். 1952இல் பிரான்சின் தென்கரையில் எழுந்தது, 3.66 மீற்றர் சதுரம். நம் கணக்கில் பன்னிரண்டு அடி. அதிலே குசினி இல்லை, கவனித்தீர்களா? குடிலை ஒட்டி ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. குடிலுக்குள்ளிருந்தே அந்தக் கடைக்கு ஒரு கதவு வைத்திருந்தார் மனிதர். நீங்கள் பன்னிரண்டு அடியை எடுத்துக்கொண்டீர்கள், கதவை விட்டுவிட்டு மதில் கட்டப் போகிறீர்கள். எங்கள் அம்மம்மாவின் வேலியில் ஒரு பொட்டு, ஆள் நுழைகிற ஓட்டை, இருந்தது. பக்கத்து வளவுக்கு நெருப்புக்கும் உப்புக்கும் அதற்குள்ளாலேதான் போய்வருவோம். வருஷாவருஷம் வேலி அடைக்கும்போது கதியாலில் வெட்டிய குழை ஆட்டுக்குப் போகும், உக்கின ஓலை தோட்டத்துக்குள் தாழும், பொட்டு மட்டும் அதே இடத்தில் இருக்கும். ஏழடி மதிலுக்குள் உட்கார்ந்து எந்த இயற்கையைப் பார்க்கப் போகிறீர்கள், கல்லையா?

கோபிக்காதீர்கள். சரசாலை என்ற பெயரைப் பார்த்ததும் எனக்கு வேறு ஞாபகம் வந்துவிட்டது.

1995 ஒக்ரோபர் 30. ஆமி யாழ்ப்பாணத்தை நெருங்க, வலிகாமம் முழுக்க ஊரைவிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தது. மழை, இருட்டு, நாவற்குழிப் பாலத்தில் ஒரு அடி வைக்க ஒரு மணித்தியாலம். நாங்கள் போய்ச் சேர்ந்தது சரசாலையில், முன்பின் தெரியாத ஒருவரின் வளவில், பனைகளுக்கு நடுவே ஒரு கொட்டிலுக்குள். ஏழு பேர். உங்கள் அளவைவிடச் சின்னது. ஆறு மாதம் இயற்கையோடு மிகவும் சேர்ந்துதான் இருந்தோம், தம்பி. விடிய எழும்பினால் பாய்க்குக் கீழே மண்புழு.

அங்கே அம்மா முதல் செய்த வேலை மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டியது. சமைக்க அரிசி இல்லாத நாளிலும் பின்னேரம் நாலு காவோலையைப் போட்டுப் புகைய விடுவார். எனக்கு எரிச்சலாக இருக்கும், கண் கரிக்கும். ஏன் என்று கேட்டால், “கூரைக்கு” என்பார். அவ்வளவுதான் பதில்.

அடுத்த ஆண்டு இணுவிலில் எங்கள் வீட்டுக்குத் திரும்பியபோதுதான் விளங்கியது. ஓட்டு வீடு அங்கங்கே உடைந்திருந்தாலும் நின்றது. பின்னாலிருந்த ஓலைக் குசினியும் அப்படியே நிற்பதுபோலத்தான் இருந்தது. கறையான் தின்ற மரம் வெளியே பார்த்தால் முழுசாகத் தெரியும். அம்மா கூரை தாங்கிய கப்பில் கை வைத்தார், கை உள்ளே போனது. நாற்பது வருஷம் புகை குடித்துக் கறுத்து, ஒரு பூச்சி அண்டாமல் நின்ற கூரை, அடுப்பு எரியாத ஆறே மாதத்தில் போய்விட்டது. அம்மா ஆமியைத் திட்டவில்லை. “அடுப்பை விட்டிட்டுப் போனன்” என்று தன்னைத்தான் திட்டினார்.

இதைக் கண்ட பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2003இல் வளவுக்குள் ஒரு பலகை அறை கட்டினேன், இருந்து எழுத. எட்டு மாதம் கொழும்பில் வேலை. திரும்பி வந்து புத்தகம் ஒன்றை இழுத்தால் அட்டை மட்டும் கையோடு வந்தது.

ஆகவே நீங்கள் எழுதாமல் விட்டதைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்கிறேன். மிச்ச நாற்பத்தொன்பது கிழமையும் அங்கே யார்? மரமும் ஓலையும் ஆள் புழங்க நிற்கிற பொருள்கள். சீமெந்து வீட்டைப் பூட்டிவிட்டுப் போகலாம், மரவீட்டைப் பூட்டினால் கறையானுக்குக் கொடுத்துவிட்டுப் போனதாக அர்த்தம். நீங்கள் ஓகஸ்டுக்கு வீடு வரைந்திருக்கிறீர்கள். அந்த வீடு நவம்பரில் நிற்கவேண்டும், 2008இல் நிஷா புயல் வந்ததுபோல ஒரு நவம்பரிலும்கூட. கறையான் மண்ணிலிருந்து ஏறுகிறது, அதனால் கருங்கல்லில் இரண்டடி அடித்தளம் போட்டு, மரம் ஒன்றும் மண்ணைத் தொடாமல் பார்த்துக்கொள்ளலாம். மருந்தும் அடிக்கலாம். எல்லாம் செய்தாலும் கிழமைக்கு ஒருதரம் யாராவது வந்து யன்னலைத் திறந்து, கப்பைத் தட்டிப் பார்த்து, கூட்டிவிட்டுப் போகவேண்டும். கூலிக்கு வருகிறவர் கூட்டுவார், தட்டிப் பார்க்க மாட்டார். அந்த வீட்டைத் தன் வீடாகப் புழங்குகிற ஆள் வேண்டும். பக்கத்து வளவில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் பின்னேரம் வந்து படிக்கட்டும், யாராவது விறாந்தையில் ஒடியலுக்குப் பனங்கிழங்கு காயப் போடட்டும். நீங்கள் வருகிறபோது உங்கள் வீட்டில் மற்றவர்களின் செருப்பு கிடக்கும். அது உங்களுக்குச் சரிவருமா என்று முதலில் யோசியுங்கள். சரிவராது என்றால் நல்லூர்ப் பக்கம் ஒரு அறை எடுத்துத் தங்குங்கள், காசும் மிச்சம்.

பைனா பனையா என்று கேட்டிருந்தீர்கள். பனை. ஆனால் பலகையாக நினைக்காதீர்கள். பனைக்கு வைரம் வெளிப்பக்கம், நடுவெல்லாம் சோறுபோல மெதுமை. அதனால்தான் தொல்காப்பியர் கணக்கில் அது மரமே இல்லை, புல். கூரைக்கு வளையாகவும் கைமரமாகவும் சிலாகையாகவும்தான் வரும். உங்கள் வளவில் நிற்பதைத் தறிக்க அனுமதி எடுக்கவேண்டும், அதுவும் வைரம் பாய்ந்த கிழப்பனையாக இருக்கவேண்டும். தறிக்காதீர்கள். பழைய வீடு இடிக்கிற இடங்களில் சொல்லிவைத்தால் தாத்தா காலத்துக் கைமரங்கள் கிடைக்கும். ஆணி இறங்காது, வளைந்துபோகும். துளைக்கிற மெசினோடு வாருங்கள்.