மறுமொழி: மாம்பழ மணமுள்ள மின்சிகரெட்

வணக்கம். கிருஷ்ணகிரியில் படிக்கும் உங்கள் தம்பி, மாம்பழ மணமுள்ள மின்சிகரெட்டை விடாமல் இழுப்பதாகவும், மணமற்றதை ஒரே இழுப்பில் ஒதுக்கிவிட்டதால் தமக்கு நிக்கோடின் பழக்கம் இல்லையென்று வாதிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த வாதம் சரியன்று. நிக்கோடின் இயல்பிலேயே கசப்பது, தொண்டையைக் கரகரக்கச் செய்வது. பழமணமும் இனிப்பும் அதை மறைத்து இழுப்பை இதமாக்க, மூளை நாளடைவில் அந்த மணத்தையே நிக்கோடின் தரும் நிறைவோடு இணைத்துக்கொள்கிறது. மாம்பழக்கூழ் ஆலைகள் நிறைந்த நம் மாவட்டத்தாருக்கு அது பழத்தின் மணமன்று என்று சொல்லவேண்டுமா என்ன! உண்ணத் தகுந்த மணப்பொருளெல்லாம் நுரையீரலுக்கும் தகுந்ததாகிவிடாது. காலையில் எழுந்த அரைமணி நேரத்துக்குள் தம்பி மின்சிகரெட்டைத் தேடுகிறாரா என்று கவனியுங்கள். தேடினால் பழக்கம் ஆழமானது. இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் மின்சிகரெட் விற்பனையைத் தடைசெய்துள்ளதால், கிடைப்பதெல்லாம் கள்ளச்சரக்கே; அதன் உறையில் அச்சிட்ட நிக்கோடின் அளவையும் நம்ப இயலாது.