சோதனையில் இருக்கும் ஊசி: டாக்டர் பதில்கள்

கேள்வி: எடை குறைக்க இன்னும் சோதனையில் இருக்கும் ரெட்டாட்ரூடைட் ஊசியில் 24 சதவீதம் எடை குறையுமாமே?

பதில்: குறைந்தது, 2023-ல் வெளியான இரண்டாம் கட்டச் சோதனையில். மொத்தம் 340 பேர் அளவில். அதிலும் 12 மி.கி. போட்டவர்களுக்கு 48 வாரத்தில் வந்த சராசரி அது.

கேள்வி: அந்த மருந்தில் படபடப்பு வருமா?

பதில்: வரலாம். மவுன்ஜாரோ (டிர்ஸெபடைட் என்ற எடை, சர்க்கரை ஊசி) உடலில் தூண்டும் இரண்டு ஹார்மோன் ஏற்பிகளோடு இது குளுக்ககான் என்ற ஹார்மோனின் ஏற்பியையும் தூண்டுகிறது. சோதனையில் நாடித்துடிப்பு 24 வாரம் வரை ஏறி, அப்புறம் இறங்கியது. தோலில் எரிச்சல், தொட்டாலே கூச்சம் என்று ஒரு புதுத் தொல்லையும் உண்டு. பிறகு நடந்த மூன்றாம் கட்டச் சோதனை ஒன்றில் 12 மி.கி. போட்டவர்களில் ஐந்தில் ஒருவர் அதைச் சொன்னார்.

கேள்வி: ஆன்லைனில் ரெட்டாட்ரூடைட் 10 மி.கி. பொடிக் குப்பி வாங்கிவிட்டேன். எத்தனை யூனிட் போடலாம்?

பதில்: ஒன்றுகூட வேண்டாம். வயதை எழுதவில்லை, சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று எழுதவில்லை, யூனிட் மட்டும் வேண்டுமாம்! இன்சுலின் சிரிஞ்சில் 10 யூனிட், அதாவது 0.1 மி.லி. இழுத்தால், 1 மி.லி. நீரில் கலக்கியிருந்தால் 1 மி.கி., 2 மி.லி. என்றால் அரை மி.கி. எவ்வளவு நீர் என்பதையும் நீங்கள் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய கேள்வி, குப்பிக்குள் என்ன இருக்கிறது? 'ஆய்வுக்கு மட்டும்' என்று லேபிள் ஒட்டி விற்பவர் அதற்குப் பொறுப்பேற்க மாட்டார். சோதனையில் சேர்ந்தவருக்கு வாந்தி நிற்காவிட்டால் கூப்பிட ஒரு டாக்டர் இருக்கிறார். உங்களுக்குக் கூரியர்காரர்தான் இருக்கிறார். ஒப்புதல் பெற்ற மருந்தே காலை வாரியதுண்டு: 1997-ல் அமெரிக்காவில் அனுமதி வாங்கிய சிபுட்ராமின் என்ற எடை குறைப்பு மருந்து, மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகின்றன என்று தெரிந்து 2010-ல் திரும்பப் பெறப்பட்டது. அதை எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். குப்பியைத் தூக்கிப் போடுங்கள். தங்கைக்குக் கொடுத்துவிடாதீர்கள், அதையும் செய்கிறார்கள்.

கேள்வி: எடை குறைய செமாக்ளூடைட் ஊசி போடுகிறேன். மேல் வயிற்றில் வலி.

பதில்: எத்தனை நாளாக, எந்தப் பக்கம்? எழுதினால்தானே தெரியும். முதுகுக்குப் பரவினால் கணையம், வலது விலாவுக்குக் கீழே என்றால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். இரண்டுக்கும் கடிதம் போதாது, இன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: அடுத்த வாரம் ஆபரேஷன். எடை குறைப்பு ஊசி போடுவதைச் சொல்ல வேண்டுமா?

பதில்: கட்டாயம், மயக்க மருந்து டாக்டரிடம். இந்த ஊசி இரைப்பை காலியாவதை மெதுவாக்கும், அதனால் பட்டினி கிடந்தாலும் இரைப்பையில் சோறு தங்கியிருக்கலாம்.

கேள்வி: மவுன்ஜாரோவோடு கருத்தடை மாத்திரை சாப்பிடலாமா?

பதில்: மாத்திரையை மட்டும் நம்பாதீர்கள். தொடங்கிய பிறகும், ஒவ்வொரு முறை டோஸ் ஏற்றும்போதும் 4 வாரத்துக்கு ஆணுறையும் வேண்டும்.